அனைவரும் சம்மதித்த காலிப் பலகை

1

இந்தக் கதை என் கையெழுத்தில் இருக்கும் ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவன் பொய் சொல்வதில் என்ன புதுசு என்று நீங்கள் கேட்பீர்கள். இது கதைக்காகச் சொன்ன பொய் இல்லை, கூட்டக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிய பொய்.

விஸ்கான்சினில் எங்கள் ஊர் ஆல்டர் ஃபால்ஸ். அங்கே தபால் நிலைய முனையில் சனிக்கிழமைதோறும் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை பதினொரு பேர் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அமெரிக்க அரசாங்கம் மற்ற நாடுகளுக்குள் படையோடு நுழைவதை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இருபது வருஷமாக நிற்கிறோம். அரசாங்கம் நிறுத்தவில்லை, அதனால் நாங்களும் நிறுத்தவில்லை. அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதுகிறவன் நான். என் பெயர் மாறன். பதினொரு பேரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தத் தகவல் பின்னால் ஒரு சங்கடத்தைக் கொண்டுவரப் போகிறது.

போன செப்டம்பர் கூட்டத்தின் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஊர்வலத்தன்று பலகைகளில் எதுவும் எழுதியிருக்காது. அனைவருக்கும் சம்மதம்.'

முதல் வாக்கியம் நடந்தது. இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

'பிரிட்டா ஓட்டிய ராணுவ லாரி தபால் நிலைய முனையில் திரும்பியபோது அவள் அம்மா—'

வேண்டாம். லாரி வருவதற்கு முன்னால் பிரிட்டா யார், அம்மா யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

'போர் என்பது'

இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது. இப்படித் தொடங்குகிற பலகைகளே எங்களிடம் நாலைந்து உண்டு. எல்லாம் டோபி எழுதியது. டோபி கல்லூரியில் அரசியல் கற்பிக்கிறவன். அவனுடைய பலகையைப் படித்து முடிக்க ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

'மார்லிஸ் டீட்ஸ் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.'

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம். (என்னைவிட மூத்தவளை 'அவள்' என்கிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ நின்றுகொண்டிருப்பது போல இருந்தது. அடித்துவிட்டேன்.)

3

மார்லிஸ் டீட்ஸ் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் ஒரு நாளாவது அவளிடம் 'உட்காரு' என்று அதட்டு வாங்கியவர்கள். எங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. சனிக்கிழமையில் யாராவது வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, தேசத் துரோகிகளே என்று ஆரம்பிப்பான். பலகைக்குப் பின்னால் இருக்கிற முகத்தை அப்போதுதான் பார்ப்பான். அவனுடைய அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதே, நடக்கிறாளா என்று மார்லிஸ் விசாரிப்பாள். நடக்கிறாள் மிஸஸ் டீட்ஸ் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

அவளுடைய பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் வரியில் ஒரு நாட்டின் பெயர், கீழே 'எங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவாருங்கள்'. கீழ் வரி பெயின்டில் எழுதியது. மேல் வரி மட்டும் இரண்டு கொக்கிகளில் தொங்கும், ஏனென்றால் நாடு மாறிக்கொண்டே இருக்கிறது. ஆப்கானிஸ்தான், இராக், லிபியா, சிரியா, ஏமன் என்று எல்லாப் பெயரும் அவள் கார் ஷெட்டில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பழசை எறியக் கூடாது என்பது அவள் கட்டளை. ஒரு முறை டோபி இராக்கை எறிந்துவிட்டு மறுபடி எழுத நேர்ந்தது, அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அவளுக்கு ஒரே மகள், பிரிட்டா. நாங்கள் நிற்கத் தொடங்கிய வருஷம் பிரிட்டாவுக்கு ஒன்பது வயது. பனிக்காலத்தில் எங்களுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து சூடான சாக்லேட் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றவள். பத்தொன்பது வயதில் அவள் நேஷனல் கார்டில் சேர்ந்தாள். வாரக்கடைசியில் பயிற்சி, வெள்ளம் வந்தால் மணல் மூட்டை, கூப்பிட்டால் போர். பதிலுக்குக் கல்லூரிப் படிப்பு இலவசம். எங்கள் மாதிரி ஊர்களில் படைக்குப் பிள்ளைகள் போகிற வழி இதுதான். யாரும் கொடியைப் பார்த்துக் கண்கலங்கிப் போவதில்லை, பல் மருத்துவமும் கல்லூரியும் கிடைக்கும் என்று போகிறார்கள்.

(இங்கே ஒரு பெரிய சண்டை இருந்திருக்க வேண்டும் என்று கதை எழுதுகிற மூளை சொல்கிறது. அம்மா சமாதானக்காரி, மகள் சிப்பாய், எவ்வளவு வசதி! ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். தட்டு உடைந்தது, கதவு அறைந்தது. மார்லிஸ் தட்டு உடைப்பவளே இல்லை. கிழித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். மார்லிஸ் மகளைத் தன் காரிலேயே பயிற்சி முகாமுக்குக் கொண்டுபோய் விட்டாள். மூன்று மணி நேரப் பயணத்தில் இரண்டு பேரும் பேசவில்லை. வாசலில் இறங்கும்போது, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். வந்த அடுத்த சனிக்கிழமை எப்போதும் போல நின்றாள். மகள் விடுமுறைக்கு வந்தால் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஏரிக்கரை மதுக்கடைக்கு மீன் பொரியல் சாப்பிடப் போவார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்று வரை அம்மாவின் நேரம். அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

பத்து வருஷம் வெள்ளமும் பனிப்புயலுமாகப் போயிற்று. பதினோராவது வருஷம் பிரிட்டாவின் லாரிப் பிரிவை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். எந்த நாட்டுக்கு?

அங்கேதான் சிக்கல். கடிதத்தில் 'அந்தப் பிராந்தியம்' என்று இருந்தது. மார்லிஸ் செனட்டர் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுத்த பெண் ரொம்ப மரியாதையானவள். நிலைத்தன்மைக்கு உதவும் பணி என்றாள், கூட்டாளிகளுக்கு ஆலோசனை என்றாள், பாதுகாப்புக் காரணங்கள் என்றாள். நாட்டின் பெயரை மட்டும் சொல்லவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. போருக்குப் பெயர் வைத்தால் யாராவது பாராளுமன்றத்தில் எழுந்து அது எப்போது முடியும் என்று கேட்டுவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் வேறு யாரையோ பிடிக்கப் பாராளுமன்றம் கொடுத்த அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கும் படை போய்வந்து கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டுக்குக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

அப்புறம் மார்லிஸ் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டியில் இருந்த எல்லா நாடுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டாள். பலகை அவள் முழங்கால் வரை வந்தது. காற்றடித்தால் நாடுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும்.

அந்த ஒன்பது மாதமும் சனிக்கிழமை ஒன்று பத்துக்கு அவள் போன் அடிக்கும். தபால் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று பேசுவாள், சிரிப்பாள். என்ன பேசினாய் என்று நாங்கள் கேட்டதில்லை. இந்த ஊரில் அடுத்தவர் போன் பேச்சைக் கேட்பது நாகரிகம் இல்லை. நாகரிகத்தால் நான் பல விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கிறேன்.

4

லாரிப் பிரிவு திரும்பி வருகிறது என்று ஆகஸ்டில் செய்தி வந்தது. ஊர் வரவேற்பு ஊர்வலம், அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, நண்பகல். பிரதான வீதி ஒன்றுதான் இருக்கிறது. அதில் தபால் நிலைய முனையும் ஒன்றுதான்.

பழைய படைவீரர் சங்கத் தலைவர் ட்வெய்ன் ஒரு பை நிறைய பொரித்த பாலாடைக்கட்டியோடு மார்லிஸ் வீட்டுக்கு வந்தார். உங்களைப் போகச் சொல்லவில்லை, தாராளமாக நில்லுங்கள், ஆனால் அந்தப் பிள்ளைகள் மனம் நோகிற மாதிரி அன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நியாயமான மனிதர். அவர் போன பிறகு பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே சிஸ்டர் பெர்னீஸுக்குப் போன் செய்தாள் மார்லிஸ். கூட்டம் கூடியது.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். நாங்கள் ஓட்டெடுப்பதில்லை. ஓட்டெடுத்தால் தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகிவிடும், அதுவே போரின் விதை என்று சிஸ்டர் பெர்னீஸ் சொல்வார். சிஸ்டர் எழுபத்தெட்டு வயது கன்னியாஸ்திரி. முட்டை வேகவைக்கும் மணியை மேஜையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு மூன்று நிமிஷம் தருவார். எல்லோரும் பேசி முடித்ததும் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். மேலே என்றால் சம்மதம். கீழே என்றால் தடை. ஒரே ஒரு விரல் கீழே இருந்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். பக்கவாட்டில் என்றால், எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் உங்களைத் தடுக்க மாட்டேன், ஒதுங்கி நிற்கிறேன் என்று பொருள்.*

* ஒதுங்கி நிற்பவரிடம் காரணம் கேட்டுப் பெயரோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். இது விதி. விதியை எழுதியவனும் நானே.

இந்த முறையில் முடிவெடுக்க நாளாகும் என்று சொல்லத் தேவையில்லை. நிற்பதை நிறுத்திவிடலாமா என்று ஏழு முறை பேசியிருக்கிறோம். ஏழு முறையும் ஆர்லன் விரலைக் கீழே காட்டினார். ஆர்லன் எண்பது வயதுப் பால்பண்ணைக்காரர், வியட்நாமுக்குப் போய் வந்தவர், அதிகம் பேசமாட்டார். இருபது வருஷமாக நாங்கள் நிற்பதற்குக் காரணம் கொள்கையா அந்த விரலா என்று எனக்கே சந்தேகம் உண்டு.

லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். நிற்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். என்ன எழுதிக்கொண்டு நிற்பது?

'போரை நிறுத்துங்கள்' என்ற வழக்கமான வாசகத்தை வைத்தார்கள். திரும்பி வந்த அன்று முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும் என்றார் ஆர்லன். விரல் கீழே. 'வீடு திரும்பியவர்களே, வருக' என்று சிஸ்டர் சொன்னார். அனுப்பியவர்களின் பாவத்தை நாம் பூமாலை போட்டு மூடுகிறோம் என்றான் டோபி. விரல் கீழே. 'வீரர்களை நேசிக்கிறோம், போரை வெறுக்கிறோம்.' இதைக் கேட்டதும் ஆர்லன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நான் திரும்பி வந்தப்பவும் இதையேதான்யா சொன்னாங்க. சொல்லிட்டு அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் எங்க போறதுன்னு எவனும் சொல்லல."

அதுவும் போயிற்று. வெறுமனே 'சமாதானம்' என்று ஒரு சொல்? அந்தச் சொல்லை ராணுவ அமைச்சகம் தன் விளம்பரத்தில் போடுகிறது என்றான் டோபி. 'நன்றி'? எதற்கு நன்றி என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு புறாப் படம்? புறா வரையத் தெரிந்தவர் எங்களில் இல்லை. போன முறை வரைந்தது வாத்து மாதிரி இருந்ததாக ஊரில் பேச்சு.

ஐந்து நாற்பதுக்கு யாரோ, சரி, ஒன்றுமே எழுதாமல் வெள்ளையாகப் பிடிப்போம் என்றார்கள். (யாரோ என்ன யாரோ. நான்தான்.)

அடேயப்பா, என்ன நிம்மதி. யாருக்கும் ஆட்சேபிக்க அதில் ஒரு சொல்கூட இல்லை. டோபி அதில் ஆழமான அர்த்தம் இருப்பதாகச் சொன்னான். ஆர்லனின் விரல் மேலே போனதைப் பார்த்துச் சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே உட்காரலில் முடிவுக்கு வந்தது எங்கள் சரித்திரத்தில் அதுதான் முதல் முறை. கை தட்டினோம். நான் பேனாவை எடுத்து எழுதினேன்.

எழுதும்போது எதிரே பார்த்தேன். மார்லிஸின் விரல் பக்கவாட்டில் இருந்தது.

பார்த்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து இடுப்பு வலித்தது, எல்லோரும் கோட்டு மாட்டத் தொடங்கிவிட்டார்கள், அத்தனை சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை. 'அனைவருக்கும் சம்மதம்' என்று எழுதி மூடினேன்.

5

'அக்டோபர் வெயில் மேப்பிள் மரங்களின்—'

இல்லை. வெயிலும் மரமும் அப்புறம் ஆகட்டும்.

பதினொரு பேரும் வெள்ளைப் பலகையோடு நின்றோம். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் மழையில் எழுத்து கரைந்துவிட்டதோ என்று அஞ்சல்காரர் பரிவோடு விசாரித்தார். ஒரு தாய் தன் குழந்தையிடம், அவர்கள் இன்னும் எழுதவில்லை, யோசிக்கிறார்கள் என்று விளக்கினாள். டோபி விளக்கம் சொல்ல வாயெடுத்தான். மௌனமாக நிற்பதாகத்தானே தீர்மானம் என்று சிஸ்டர் முறைத்தார்.

மார்லிஸ் சாலை ஓரத்தில் முதல் ஆளாக நின்றாள். பெயின்டில் எழுதிய பழைய பலகையின் மேல் வெள்ளை பூச அவளுக்கு மனமில்லை. புதுசாக ஒன்று அறுத்து வெள்ளை அடித்துக் கொண்டுவந்திருந்தாள். புறப்படுமுன் நடந்த பயிற்சியையும் சேர்த்துப் பதினொரு மாதமாக மகளைப் பார்க்கவில்லை. விமானத்திலிருந்து நேரே ஊர்வலம், பிறகுதான் வீடு. பலகையை மார்போடு சேர்த்துப் பிடிப்பதும் இறக்குவதுமாக இருந்தாள்.

தீயணைப்பு வண்டி போயிற்று. பள்ளி வாத்தியக் குழு போயிற்று. பிறகு லாரிகள், பாலைவன நிறத்தில் ஏழு. நாலாவதில் பிரிட்டா ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். மெலிந்திருந்தாள், காது நுனியெல்லாம் வெயிலில் காய்ந்து உரிந்திருந்தது. கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே வந்தவள் எங்களைப் பார்த்ததும் கண்களால் அம்மாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். பார்வை முகத்திலிருந்து பலகைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. லாரி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. ஜன்னலில் சாய்ந்து அவள் எதையோ கேட்டாள்.

வாத்தியக் குழு அந்த நேரம் பார்த்து ஊதியது. எனக்குக் காதில் விழவில்லை. மார்லிஸின் வாய் திறந்தது. மூடியது. பின்னால் ஐந்தாவது லாரி ஹார்ன் அடித்தது. நாலாவது லாரி போய்விட்டது.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் என்ன கேட்டாள், என்ன பதில் என்று தெரியாமல் உங்களை அனுப்பினால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

மூன்று முடிவுகள் எழுதினேன். பிறகு எனக்கு மனசாட்சி உறுத்தியது. குழுவைப் பற்றிய கதையைக் குழுவிடம் கேட்காமல் எப்படி வெளியிடுவது? சங்கடம் வரும் என்றேனே, இதுதான். ஜனவரி கூட்டத்தில் கதையை வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். சிஸ்டர் முட்டை மணியைத் திருப்பி வைத்தார்.

முதல் முடிவு: பிரிட்டா லாரியை நிறுத்தி, குதித்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். ஊரே அழுகிறது.

ஆர்லன் விரலைக் கீழே காட்டினார். "அணிவகுப்புல போற வண்டியை எவனும் நடுவுல நிறுத்த மாட்டான் மாறா. நிறுத்தினா சார்ஜென்ட் தோலை உரிச்சிடுவான். உனக்குப் படையும் தெரியல, லாரியும் தெரியல."

இரண்டாவது: பிரிட்டா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவே இல்லை. கேட்டதும் சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய விரலைப் பார்க்கவே தேவையில்லை.

மூன்றாவது: மார்லிஸ் கைப்பையிலிருந்து உதட்டுச்சாயத்தை எடுத்து அந்த இடத்திலேயே பலகையில் எழுதுகிறாள். மார்லிஸ் உதட்டுச்சாயம் போட்டு யார் பார்த்தது என்று டோபி கேட்டான். வாஸ்தவம். அவள் கைப்பையில் இருப்பது டயர் காற்று அளக்கிற கருவி.

ஒன்பது பேர் இப்படி ஆளுக்கொரு வரியாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். ட்வெய்ன் பாலாடைக்கட்டி கொண்டுவந்தது கையூட்டு போலத் தெரிகிறது, எடுத்துவிடு. வாத்து வேண்டாம். கன்னியாஸ்திரியின் வயது வேண்டாம். போகிற போக்கைப் பார்த்தால் என் கதையும் வெள்ளைப் பலகையாகிவிடும் போல இருந்தது. நல்லவேளை, தமிழில் என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது. எல்லாம் அப்படியே இருக்கிறது.

மார்லிஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. விரலையும் காட்டவில்லை.

7

எல்லோரும் போன பிறகு அவள் காப்பிக் கோப்பைகளைக் கழுவினாள். நான் துடைத்து அடுக்கினேன். இந்த முறை கேட்டேன். அன்றைக்கு விரலை ஏன் பக்கவாட்டில் வைத்தாய் என்று, நாலு மாதம் கழித்து.

அவள் குழாயை மூடினாள்.

"வண்டியிலேருந்து அவ என்ன கேட்டா தெரியுமா? 'அம்மா, என்ன எழுதியிருக்க'ன்னு கேட்டா. ஒன்பது மாசமா சனிக்கிழமை போன்ல கேட்டது அதைத்தான். எப்படி இருக்கன்னுகூட அப்புறம்தான் கேப்பா. நான் படிச்சுக் காட்டுவேன். 'எழுத்து இன்னும் கோணலாத்தான் இருக்கா?'ம்பா. 'கோணல்தான்டி'ம்பேன். சிரிப்பா. அங்க எதுக்கு வந்திருக்கோம்னு அவங்களுக்கு யாரும் சொல்லல மாறா. ஒரு வேலியிலேருந்து இன்னொரு வேலிக்குத் தண்ணி லாரி ஓட்டிக்கிட்டு இருந்தா. எந்த நாட்டுத் தண்ணின்னு கேட்டா சிரிப்பாங்களாம். ஊர்ல ஒருத்தி 'திரும்பி வா'ன்னு எழுதிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, அது ஒண்ணுதான் அவளுக்கு நிச்சயமாத் தெரியும். அதைக் கண்ணால பாக்கற ஒரே சனிக்கிழமை அது. நான் வெள்ளையா வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

ஏன் கூட்டத்திலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க யாரும் கேக்கலியே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பத்து பேரை நான் நேசிக்கிறேன், இப்போதும் நேசிக்கிறேன். ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்த நல்லவர்கள். அந்த நல்லதனத்தாலேயே ஒரு பெண் தன் மகளின் கேள்விக்குப் பதில் இல்லாமல் நடுவீதியில் வாயைத் திறந்து மூடினாள்.

ஊர்வலத்தன்று மாலை வீட்டில் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டே பிரிட்டா இரண்டு விஷயம் சொன்னாளாம். ஏப்ரலில் மறுபடி போக வேண்டும், அதே பிராந்தியம். இன்னொன்று:

"அடுத்த தடவை உங்க கூட்டத்தைக் கேக்காதம்மா."

மார்லிஸோடு பேசிய மறுநாள் குறிப்பேட்டை எடுத்துத் திருத்தம் எழுதினேன்: 'மார்லிஸ் டீட்ஸ் ஒதுங்கி நின்றார். காரணம் கேட்கப்படவில்லை. எழுதியவரின் தவறு.' சிஸ்டர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

முந்தின நாள் நான் கோப்பைகளை அடுக்கி முடித்ததும் மார்லிஸ் எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஏப்ரலில் அவள் என்ன எழுதப்போகிறாளோ அதை நான் கதையில் போடக் கூடாது. போட்டால் விரலைக் கீழே காட்டுவாளாம். அது அவளுக்கும் மகளுக்கும் உள்ளது, என் வாசகர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள். உங்களுக்காகக் கொஞ்சம் வாதாடினேன். எடுபடவில்லை.

8

ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை, பன்னிரண்டு மணி. நேஷனல் கார்டு கட்டடத்து வாசலில் இரண்டு பேருந்துகள் நின்றன. பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. மார்லிஸ் தன் காரிலிருந்து பலகையைத் துணி சுற்றி இறக்கினாள்.

அவள் தனியாகப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். நான் மனசு கேட்காமல் போனேன். போனால் அங்கே ஆர்லன் ஏற்கெனவே கைகளைக் கோட்டுப்பையில் விட்டபடி நிற்கிறார். டோபி வந்தான், கையில் பலகை இல்லாமல். சிஸ்டர் வந்தார். மீதி ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் முறையாக அந்த நேரத்தில் தபால் நிலைய முனை காலியாக இருந்தது. ஆர்லனிடம் அதைச் சொன்னேன். தெரியும் என்றார்.

பிரிட்டா ஏறுவதற்கு முன்னால் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு பெயர் கூப்பிட்டார்கள், போனாள். முதல் பேருந்தில் நடு ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

மார்லிஸ் துணியை அவிழ்த்தாள். சேற்றில் நாலு அடி முன்னால் போய்ப் பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். நாங்கள் பத்து பேரும் அவளுக்குப் பின்னால் நின்றோம். எங்களுக்குத் தெரிந்தது பலகையின் பின்பக்கமும், அதைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகளும்தான். நான் நகர்ந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆர்லன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரிட்டா படித்தாள். ஒரு வரிக்கு ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆயிற்று. உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள் என்று நினைக்கிறேன். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பிப் பக்கத்து இருக்கையில் இருந்தவனை உலுக்கி வெளியே காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். அவன் தனக்குப் பின்னால் இருந்தவனைத் தட்டினான். அந்தப் பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் நிறைந்தன. நாற்பது சின்னப் பிள்ளைகள், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு படித்தார்கள். ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினார்.

நான் கொடுத்த வாக்கை மீற முடியாது. வெளியே, சேற்றில், எங்களோடு நிற்கிறவரை உங்களுக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். பேருந்தில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது, பிரிட்டாவுக்கு நேர் பின்னால், ஜன்னல் பக்கம். எங்கே போகிறோம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மடியில் பை இருக்கிறது. வண்டி நகரப் போகிறது. முன்னால் இருக்கிற பெண் திரும்பி உங்கள் தோளைத் தட்டுகிறாள்.

"எங்கம்மா எழுதினது. படிங்க."